அவையேறும் நிரல்

திருகோணமலை மாவட்டத்தின் தெற்கே, வெருகற் பிரிவில், இலங்கைத்துறை என்றோர் ஊர் உண்டு. களப்பு நீர் கடலோடு கலக்கும் வாயிலை அடுத்திருப்பதால் அதன் ஒரு பகுதிக்கு இலங்கைத்துறை முகத்துவாரம் என்றே பெயர். முகத்துவாரம் நிலைத்த வாயில் அன்று. மாரி வெள்ளம் மணலைக் கடலுக்குத் தள்ளும். கோடை அலை அதனை மீண்டும் கொணர்ந்து குவிக்கும். சென்ற திங்கள் ஆழமாயிருந்த இடம் இந்தத் திங்கள் திட்டாய் இருக்கும். ஆதலால் இத்தகைய வாயில்களில் தோணி செலுத்துவோர், எத்துணை ஆண்டு அனுபவம் உடையவராயினும், முன்னே சென்று மீண்டவரிடம் விசாரித்த பின்னரே உள்ளே புகுவர். கேட்பதை அவர்கள் இழுக்கென்று கருதுவதில்லை. கேளாமற் புகுந்து தோணியை மணலில் ஏற்றுவதே அவர்களுக்கு இழுக்கு.

'துறை' என்னும் சொல்லைத் தமிழர் இருவகைக்கும் வழங்கினர். தோணி அடையும் கரையும் துறை. கல்வியின் ஒரு கூறும் துறை. ஒரு நூலை ஐயமறக் கற்றவரைத் துறைபோகியவர் என்றனர். நீர்த்துறையாயினும் நூற்றுறையாயினும் வழியறிந்தாரைக் கேளாது இறங்குதல் தகாது என்னும் எண்ணம் அச்சொல் வழக்கினுள் உறைகின்றது போலும். இக்கட்டுரை பேசப் புகுவது அண்மைக் காலத்துத் துறை ஒன்றைப் பற்றி. கணினிக்குரிய நிரல்களைப் பலர் கூடி எழுதி, பலர் கூடிப் படித்து, பலர் கூடித் திருத்திக் காக்கும் கட்டற்ற மென்பொருட் சமூகங்களைப் பற்றி. இது பொறியியலார் பாடு, இலக்கியம் பயில்வோர்க்கு இதில் என்ன என்று வாசகர் ஒதுக்கிவிட வேண்டா. அச்சமூகங்களின் உயிர்நாடி நிரல் அன்று. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் குற்றம் காணும் முறையும், கண்ட குற்றத்தை எங்கே, எவ்வாறு சொல்வது என்னும் ஒழுங்குமே அவற்றின் உயிர்நாடி. அவ்விரண்டும் நமக்குப் புதியன அல்ல.

அலைக்குப் பின் எழுந்த நிரல்

முதலிற் கட்டற்ற மென்பொருள் யாதெனச் சொல்லிவிடுதல் நன்று. கணினியை இயக்கும் கட்டளைத் தொகுதியை நிரல் என்கிறோம். வணிக நிறுவனங்கள் பல தம் நிரலைப் பூட்டி வைத்துப் பயனை மட்டும் விற்கின்றன. அங்ஙனமன்றி, நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு வெளியிடப்படுவது கட்டற்ற மென்பொருள். திறமூல மென்பொருள் என்றும் வழங்குவர். 1983ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் இவ்வியக்கத்தின் இரு பெரும் வேர்கள்.

நம் நாட்டில் இவ்வியக்கம் கண்ணீரோடு கலந்து வளர்ந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, சுமாத்திராவை அடுத்த கடலடியில் நிகழ்ந்த பூகம்பம் எழுப்பிய ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையில் மோதியது. கிண்ணியாவும் மூதூரும் நிலாவெளியும் குச்சவெளியும் அந்த நாளை மறந்தில. நாடு முழுவதிலும் மாண்டவர் தொகை 30,000ஐக் கடந்தது. பிழைத்தவர் பள்ளிகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தஞ்சம் புகுந்தனர். அப்பொழுது எழுந்த பெருங்கேள்வி அரிசியைப் பற்றியது மட்டுமன்று. யார் எங்கே இருக்கின்றார் என்பது. தாய் ஒரு முகாமில், பிள்ளை வேறொரு முகாமில். ஒரு முகாமில் உணவு மிஞ்சிக் கிடக்க, மற்றொன்றிற் குடிநீரும் இல்லை.

அந்நிலையிற் கொழும்பிலிருந்த கணினி வல்லுநர் பலர், லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் என்னும் அமைப்பைச் சார்ந்தும் தன்னார்வமாகவும் கூடி, சில நாட்களுக்குள் ஒரு நிரற்றொகுதியை எழுதினர். சஞ்சீவ வீரவரண, சமிந்திர டி சில்வா முதலியோர் அம்முயற்சியின் முன்னணியில் நின்றனர். அதற்குச் 'சஹனா' என்று பெயரிட்டனர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு ஆறுதல், நிவாரணம் என்பது பொருள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி அமைப்புகளின் பதிவேடு, எங்கே எது தேவை என்னும் வேண்டுகோட் பதிவேடு ஆகியவை அதன் உறுப்புகள்.

அவசரத்திற் பிறந்த நிரலில் வழு மலிந்திருத்தல் இயல்பு. இங்கே வழு என்பது எழுத்துப் பிழை போன்ற சிறு குறை அன்று. காணாமற்போன ஒருவர் பெயரை ஓர் எழுத்து மாற்றிப் பதிந்துவிட்டால், தேடும் தாய்க்கு 'இல்லை' என்ற விடை வரும். தமிழ்ப் பெயரும் முஸ்லிம் பெயரும் சிங்களப் பெயரும் ஆங்கில எழுத்திற் புகும்போது ஒரே பெயர் நான்கு வடிவம் கொள்ளும் நாடு இது. இத்தகைய நிரலைத் தனியொருவர் கண் காத்தல் அரிது. அலை ஓய்ந்தபின், சஹனாவை அடியிலிருந்து செப்பஞ்செய்து எழுத முற்பட்டனர். அதன் மூலத்தை உலகின்முன் திறந்து வைத்தனர். இலங்கையரல்லாதாரும் படித்தனர், குறை கூறினர், திருத்தம் அனுப்பினர். 2005ஆம் ஆண்டு அக்டோபரிற் பாகிஸ்தானைக் குலுக்கிய நிலநடுக்கத்தின்போதும், 2006ஆம் ஆண்டிற் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும், இந்தோனேசியாவின் யோக்யாகர்த்தா நிலநடுக்கத்தின்போதும், 2010ஆம் ஆண்டில் ஹெயிட்டி நாடு இடிந்தபோதும் அந்நிரல் அங்கங்கே பணி செய்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுள்ள பணிக்கென வழங்கும் விருது 2006ஆம் ஆண்டுக்குச் சஹனாவுக்குக் கிடைத்தது. இலங்கைக் கரையில் எழுந்த துயரத்திற்கு எழுதிய விடை, வேற்று நாட்டார் துயரத்திற்கும் விடையாயிற்று. பலர் படிக்கக் கூடியதாய் இருந்தமையே அதனை இயலச் செய்தது.

பாடபேதமும் கையொப்பமும்

எவரும் திருத்தலாம் என்றால் எவரும் கெடுக்கலாமே என்னும் ஐயம் எழுதல் இயற்கை. விடை எளிது. எவரும் திருத்தம் முன்மொழியலாம். ஆனால், அவர் கையாலேயே அது மூலத்திற் புகுதல் முறையன்று. இடையே ஓர் அவை உண்டு.

அந்த அவை நடக்கும் வகையைச் சுவடி அறிந்த தமிழர்க்கு விளக்குதல் கடினமன்று. பழைய நூல்களைப் பதிப்பித்தோர் ஓர் ஏட்டை மற்றோர் ஏட்டோடு ஒப்பு நோக்கி, இவ்வேட்டில் இச்சொல், அவ்வேட்டில் அச்சொல் என்று பாடபேதம் குறித்தனர். நிரலெழுதுவோரும் அதனையே செய்கின்றனர். ஒருவர் மாற்றம் ஒன்றை அனுப்பும்போது நூல் முழுவதையும் அனுப்புவதில்லை. பழைய பாடத்தில் நீக்கிய வரி இது, புதிதாய்ச் சேர்த்த வரி இது என்று வேறுபாட்டை மட்டும் குறித்து அனுப்புகின்றார். அதனோடு ஒரு சிறு கடிதம் இருத்தல் வேண்டும். எந்த வழுவைக் கண்டார், ஏன் இவ்வாறு திருத்தினார், வேறு வழி இருந்தும் அதை ஏன் கொள்ளவில்லை என்பன அதில் இடம்பெறும். பதிப்புரை இல்லாத பதிப்பைப் புலவர் ஐயுற்று நோக்குவது போலவே, காரணம் கூறாத திருத்தத்தை அச்சமூகத்தார் ஐயுறுவர்.

பின்னர் மதிப்பாய்வு தொடங்கும். அப்பகுதியை நன்கறிந்த ஒருவரோ பலரோ வரிவரியாகப் படிப்பர். சொன்னதைச் செய்கின்றதா, செய்யத் தகாததை எங்கேனும் செய்கின்றதா, பின்வருவோர்க்கு விளங்குமா, சோதித்துப் பார்த்த சான்று எங்கே என்று வினவுவர். எழுதியவர் விடை கூறுவார். அல்லது திருத்தி மீண்டும் அனுப்புவார். இரண்டாம் வடிவம், மூன்றாம் வடிவம் என்று சில திருத்தங்கள் பத்து முறையும் அவையேறுவது உண்டு. முடிவில் அப்பகுதியின் காப்பாளர் ஏற்றுக்கொண்டால் அது மூலத்தைச் சேரும். லினக்ஸில் 2004ஆம் ஆண்டு முதல் மற்றொரு வழக்கமும் உண்டு. எழுதியவரும், அதனை ஏற்று மேலே அனுப்பிய ஒவ்வொரு காப்பாளரும் தத்தம் பெயரைக் கையொப்பமாக அடியிற் பதிதல் வேண்டும். ஏடு பெயர்த்தெழுதியவர் இறுதியில் தம் பெயரும் நாளும் பொறித்து, பிழை பொறுக்க வேண்டுவதை நாம் கண்டதில்லையா? 2005ஆம் ஆண்டில் டோர்வால்ட்ஸ் இயற்றிய 'கிட்' என்னும் கருவி, யார், எப்பொழுது, எதனை மாற்றினார் என்பதை ஓர் எழுத்தும் விடாது காத்து வருகின்றது.

திருகோணமலை இம்மரபுக்குப் புறம்பானதன்று. 1895ஆம் ஆண்டில் 'மோகனாங்கி' என்னும் வரலாற்று நாவலை எழுதிய சரவணமுத்துப்பிள்ளை இவ்வூரவர். சென்னையிற் கீழ்த்திசைச் சுவடிகளோடு பழகியவர். அவர் தமையனார் கனகசுந்தரம்பிள்ளை 'தமிழ் நாவலர் சரிதை'யை ஆராய்ந்து பதிப்பித்தவர். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றியபோது, ஏடு உதவினோரைப் பதிப்புரையிற் குறித்தார். இவற்றினும் பழையது தொல்காப்பியம் அரங்கேறிய செய்தி. நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்டு ஆராய்ந்த பின்னரே அந்நூல் வெளிப்போந்ததாகப் பாயிரம் கூறும். நூலைப் பிறர் கேட்டுத் தடை எழுப்புதல் நூலாசிரியர்க்கு அவமதிப்பன்று. நூலுக்கு அது காப்பு.

கணினித் தமிழர் ஆங்கிலத்தார் 'பூச்சி' என்று பெயரிட்ட குறைபாட்டிற்கு 'வழு' என்னும் இலக்கணச் சொல்லையே எடுத்தாண்டனர். அச்சொல்லின் பொருத்தம் வியக்கத்தக்கது. வழாநிலை, வழு என்பவற்றோடு வழுவமைதி என்பதையும் இலக்கணம் கூறுகின்றது. குறையென்று தெரிந்தும் காரணம் பற்றி அமைத்துக்கொள்ளும் நிலை அது. இன்று திருத்த இயலாத வழுவை மறையாது பதிவேட்டிற் குறித்து, இன்ன காரணத்தால் இப்போதைக்கு அமைக என்று எழுதி வைப்பதும் அச்சமூகங்களின் வழக்கம்.

பேசும் இடங்கள்

குற்றம் காண்பது ஒருபுறமிருக்க, அதனைச் சொல்லும் இடமும் முறையும் வேண்டும். பெரும்பாலும் மூவகை இடங்கள் உண்டு. ஒன்று, உடனுக்குடன் பேசும் உரையாடல் அறை. இரண்டு, எல்லோருக்கும் ஒருங்கே செல்லும் மடற்குழு. மூன்று, வழுப் பதிவேடும் திருத்தத்தின் அருகிலேயே குறிப்பெழுதும் மதிப்பாய்வுப் பக்கமும்.

உரையாடல் அறை திண்ணைப் பேச்சுப் போன்றது. நட்பு வளர்க்கும், புதியவர் கூச்சம் தீர்க்கும், சிறு ஐயம் நொடியில் அகலும். ஆனால் திண்ணையிற் செய்த முடிவு திண்ணையில் இல்லாதவர்க்குத் தெரியாது. திருகோணமலையில் நாம் உறங்கும் வேளையில் ரொறன்ரோவில் மாலை. இங்கே விடியும்போது இலண்டனில் நள்ளிரவு. இவ்வாறு சிதறி வாழ்வோர் ஒருங்கே பணி செய்யவேண்டின், நினைந்து எழுதி, பின்னர் வருவோரும் படிக்கத்தக்கதாய் நிலைக்கும் மடலே தக்க வழி. அதனாலன்றோ அப்பாச்சி என்னும் புகழ்பெற்ற மென்பொருள் அமைப்பு, எங்கே பேசினும் முடிவு மட்டும் பொது மடற்குழுவிலேயே நடத்தல் வேண்டும் என்று விதித்துள்ளது. இந்த அப்பாச்சி அமைப்பின் பணிகளில் இலங்கையர் பலர் ஈடுபட்டுப் பெயர் பெற்றமையும், 'கூகுள்' ஆண்டுதோறும் நடத்தும் கோடைகாலத் திறமூலப் பயிற்சியின் முதற் பத்தாண்டுகளில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் உலகிலேயே மிகுதியான மாணவரை அனுப்பி முதலிடம் வகித்தமையும் நாம் நினைந்து மகிழத்தக்கவை.

தமிழிலேயே நடக்கும் இத்தகைய அவையைக் காண விரும்புவோர் தமிழ் விக்கிப்பீடியாவை நாடலாம். 2003ஆம் ஆண்டில் தொடங்கிய அக்கலைக்களஞ்சியத்தில், நிரலுக்குப் பதில் கட்டுரை. மற்றபடி முறை அதுவே. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னே ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. ஒவ்வொரு மாற்றமும் வரலாற்றிற் பதிவாகும். பொதுச் செய்திகளைப் பேசும் இடத்திற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஆலமரத்தடி'. ஊர் மன்றம் கூடிய மரநிழலைக் கணினித் திரையில் நட்ட அக்கற்பனையைப் பாராட்டாதிருக்க இயலவில்லை.

அம்மரத்தடியில் எழுந்த வழக்குகளுள் நமக்கு உரியது ஒன்று உண்டு. இலங்கைப் பள்ளிகளில் இரசாயனவியல், பௌதிகவியல் என்று கற்றவர், தமிழ்நாட்டார் வேதியியல், இயற்பியல் என்று எழுதக் காண்கின்றார். நாம் ரொறன்ரோ என்பதை அவர்கள் டொராண்டோ என்பர். எது பிழை? இரண்டும் பிழையன்று, ஆயினும் ஒரு கட்டுரைக்கு ஒரு தலைப்புத்தானே இருத்தல் கூடும்? முகம் காணாத இருவர் இதனைத் தனியே மோதித் தீர்க்க முனைந்திருந்தால் பகை மிஞ்சியிருக்கும். பொதுவிடத்தில், காரணம் காட்டி, எழுத்தில் வாதித்தமையால், ஒரு வடிவத்தைத் தலைப்பாக்கி மற்றதைத் தேடுவோரையும் அவ்விடத்திற்கே கொண்டுசேர்க்கும் வழி பயன்படலாயிற்று. பொதுவிடத்து வாதம் பிழை திருத்துவதோடு நில்லாது, வெவ்வேறு வழக்குடையார் ஒருங்கு வாழவும் இடம் செய்கின்றது.

கண் அயர்ந்த நாட்கள்

இம்முறையைப் புகழ்ந்து நிறுத்திவிடுதல் நேர்மையன்று. அவை உறங்கிய நாட்களும் உண்டு. இணையத்திற் செல்லும் கடவுச்சொற்களைக் காக்கும் 'ஓப்பன் எஸ்எஸ்எல்' என்னும் தொகுதியில், 2011ஆம் ஆண்டின் இறுதி நாளன்று ஒரு திருத்தம் புகுந்தது. எழுதியவர் ஒருவர், படித்து ஏற்றவர் ஒருவர். பெறும் செய்தியின் நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு சிறு சோதனை அதில் விடுபட்டிருந்தது, இருவரும் கண்டிலர். 2012ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த அவ்வழு, 2014ஆம் ஆண்டு ஏப்ரல் வரை பொதுவெளியில் அறியப்படாது உலகெங்கும் இருந்தது. 'ஹார்ட்பிளீட்' என்று அதற்குப் பெயரிட்டனர். மூலம் திறந்திருந்தது, படித்தவர் இல்லை. திறந்த கதவு வேறு. உள்ளே வந்து அமர்ந்தவர் வேறு.

மற்றொரு நிகழ்ச்சி இதனினும் கொடியது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்ஸீ' என்னும் சிறு தொகுதியைப் பல்லாண்டு தனியொருவராய்க் காத்து வந்தவர், மனம் சோர்ந்திருந்த காலத்தில், 2022ஆம் ஆண்டளவில், முகமறியாச் சிலர் மடற்குழுவிற் புகுந்து, பணி தாமதமாகின்றது, பொறுப்பைப் பிறர்க்கு விடுக என்று நெருக்கினர். அவ்வேளையிற் பணிவோடு உதவிக்கு வந்து, நல்ல திருத்தங்கள் பல செய்து, நம்பிக்கை பெற்ற புனைபெயரார் ஒருவர், 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அத்தொகுதிக்குள் ஒரு கள்ள வாயிலை மறைத்து வைத்தார். படிக்கத்தக்க நிரலில் அன்று. சோதனைக்கென வைத்த கோப்புகளின் உள்ளே. வேறொரு பணியில் ஈடுபட்டிருந்த ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்பவர், தம் கணினிக்குள் நுழைய வழக்கத்தினும் ஏறத்தாழ அரை நொடி மிகுதியாவதைக் கண்டு, ஏன் என்று தேடிச் சென்று அதனைப் பிடித்தார். 2024ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள், பொது மடற்குழுவிலேயே அதனை அறிவித்தார். பெருவழக்கான பதிப்புகளுக்குள் அது பரவுமுன் உலகம் தப்பிற்று.

இந்நிகழ்ச்சியிற் கள்வன் முதலில் உடைத்தது பூட்டை அன்று. ஒரு மனிதரின் மனத்தை. கடுஞ்சொல்லே அவன் கன்னக்கோல். மதிப்பாய்விற் கடுமை வேண்டும்; அக்கடுமை எழுத்தின்மேல் இருத்தல் வேண்டுமேயன்றி எழுதியவர்மேல் அன்று. டோர்வால்ட்ஸே தம் மடல்களிற் சுடுசொல் வழங்கியமைக்கு 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் வருந்திச் சில காலம் பணியினின்று ஒதுங்கினார். சிவப்பு மையாற் கட்டுரை திருத்தும் ஆசிரியர்க்கு இது புதிதாகச் சொல்ல வேண்டுவதன்று. பிழையைச் சுழித்தவர், திருத்தத்தையும் ஓரத்தில் எழுதினால் மாணவன் மீண்டும் எழுதுவான். சுழித்ததோடு நகைத்தால் ஏட்டை மூடிவிடுவான். மறுமொழியே கூறாதிருத்தல் இவ்விரண்டினும் கொடியது. தன் முதல் திருத்தத்தை அனுப்பி வாரக்கணக்கில் விடை காணாத இளைஞன் இரண்டாம் திருத்தத்தை அனுப்புவதில்லை.

நம் இருக்கை

திருகோணமலையில் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று இருக்கின்றது, கணினியியல் கற்பிக்கப்படுகின்றது. பள்ளிகள் பலவற்றிலும் கணினிக்கூடங்கள் உள்ளன. நம் மாணவர் நிரல் எழுதக் கற்கின்றனர், தேர்வுக்கு எழுதுகின்றனர், புள்ளி பெறுகின்றனர். அவ்வெழுத்தை ஆசிரியர் ஒருவர் மட்டுமே படிக்கின்றார். முகமறியா வேற்று நாட்டார் ஒருவர், இவ்வரி ஏன் என்று வினவ, அதற்குத் தக்க காரணம் காட்டி விடையெழுதும் பயிற்சி பாடத்திட்டத்தில் இல்லை. அப்பயிற்சி பெற்றவனே துறைபோகியவன் ஆவான்.

அவையிற் புகுதற்கு முதலில் எழுதவேண்டும் என்பதும் இல்லை, படித்தாற் போதும். தமிழாசிரியர் ஒருவர் நிரலறியாதவராயினும், கட்டற்ற மென்பொருள்களின் தமிழாக்கத்தைப் படித்து, இச்சொல் பொருந்தாது, இவ்விடத்தில் ஒற்று மிகும் என்று பதிவேட்டில் எழுத வல்லார். அங்ஙனம் எழுதப்படாத பிழைகள் நாள்தோறும் நம் திரைகளில் நின்று, நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்துக்கொண்டிருக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்க்கின்றோமா?

ஆழிப்பேரலை போன்ற ஒன்று மீண்டும் வாராதிருக்குமாக. ஆனால் வெள்ளமும் புயலும் பருவந்தோறும் வருவன. அந்நாளில் முகாமின் வாயிலில் ஒருவர் ஒரு பெயரைக் கணினியிற் பதிவார். மற்றொருவர் வேறோர் ஊரிலிருந்து அப்பெயரைத் தேடுவார். அப்பெயர் 'இலங்கைத்துறை' என்னும் ஊரோடு, தமிழெழுத்திற் பிழையறப் பதியப்படுமா, தேடுவார்க்குக் கிடைக்குமா என்பது, அமைதியான இந்நாளில் அந்நிரலை யார் அமர்ந்து படித்தார் என்பதைப் பொறுத்தது. பதிவேடு திறந்தே இருக்கின்றது. கண்ட வழுவை இன்றே எழுதலாம்.